இருபத்து மூன்று சாரி

வென்டல் லாட்டி கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் சாரி சொல்வான். யாராவது அவன் காலை மிதித்தால், மிதித்தவர் வாயைத் திறப்பதற்குள் இவன் சொல்லி முடித்திருப்பான். கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை, எல்லோரும்தான் சொல்கிறோம். ஆனால் வென்டல் சொல்கிற அளவுக்கு யாரும் சொல்வதில்லை. நகராட்சியின் பனிச்சறுக்கு அரங்கில், பனித்தளத்தை இழைத்து வழவழப்பாக்கும் வண்டியை அவன் இருபது வருடமாக ஓட்டுகிறான். ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில் வண்டியோடு உள்ளே வரும்போது, கீறல் விழுந்த பனியைப் பார்த்து மெதுவாக ஒரு சாரி. யார் சார்பில் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மற்ற நேரத்தில் அவன் பாடகன். 'மெல்லிய பனி' என்பது அவனுடைய இசைக்குழு. குழு என்றால் அவன் ஒருத்தன்தான். ஒன்பது வருடத்தில் பதினொரு பாட்டு வெளியிட்டிருக்கிறான். ஒவ்வொன்றையும் சராசரியாக நாற்பது தடவை கேட்டிருக்கிறார்கள். அதில் பாதி அவனே கேட்டது.

இசைத்தட்டுக் கம்பெனியின் தயவில்லாமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிற கனடாக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் திருவிழா. அன்று காலை வான்கூவர் முதல் ஹாலிஃபாக்ஸ் வரை ஆளுக்கொரு பாட்டை இணையத்தில் ஏற்றிவிட்டு, அடுத்தவன் பாட்டின் கீழே "அருமை" என்று எழுதிவிட்டு, தன் பாட்டின் கீழே யார் அருமை என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

இந்தப் புதுப் பாடல்களையெல்லாம் திரட்டி, குவெல்ஃப் நகரத்திலிருந்து டாம்சின் ஃபெரியர் என்ற பெண்மணி வாராவாரம் ஒரு பட்டியல் எழுதுவாள். ஆயிரத்து இருநூறு பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாள், ஒன்றைக்கூட நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. சுமாரான பாட்டு என்றால் "பொறுமையாகக் கேட்பவருக்குப் பலன் தரும்" என்பாள். காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய பாட்டு என்றால் "துணிச்சல்" என்பாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைக்குத் திட்டினால் நாளைக்கு அதே ஆளோடு ஒரே வேனில் பன்னிரண்டு மணி நேரம் பயணம் போகவேண்டி வரும். இத்தனை பெரிய நாட்டில் பாடுகிறவர்கள் கூட்டம் அத்தனை சின்னது.

அவளுக்கு அனுப்புகிற குறிப்பில் பாட்டு காட்டுக்குள் ஒரு மரக்குடிலில், கடுங்குளிரில், தனிமையில் பிறந்ததாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் படிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் பயம். வென்டலும் பதினொரு தடவை குடில் என்றுதான் எழுதினான். உண்மையில் அவன் பாடியதெல்லாம் வீட்டு நிலவறையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் நடுவில், ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து.

இந்த ஒன்பது வருடத்துக்கு முன்பு குழுவில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருத்தி கிளென்டா மாக்கி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வென்டல் மெட்டுப் போடுவான், கிளென்டா வரிகள் எழுதுவாள், அவன் பாடும்போது மேல்குரல் சேர்ப்பாள். அந்த மேல்குரல் சேர்ந்தால் வென்டலின் குரல்கூடக் கேட்கும்படி இருக்கும். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன், ஏனென்றால் டாம்சின் சொல்ல மாட்டாள்.

குழு உடைந்தது ஒரு படிவத்தால். வானொலிக்குப் பாட்டு அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இசை யார், பாடியவர் யார், எங்கே பதிவானது, வரிகள் யார் என்று நான்கு கட்டம். நான்கில் இரண்டு கனடாவைச் சேர்ந்ததாக இருந்தால் போதும், அது கனடாப் பாட்டு. இரண்டே போதும்! வென்டல், பெயர் கேட்ட மூன்று கட்டத்திலும் தன் பெயரையே எழுதிவிட்டான். வரிகள் அத்தனையும் கிளென்டா எழுதியது. வின்னிபெக் வானொலியில் அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவை ஒலித்தது. ஒலித்தபோது இருவரும் ஒரே காரில் இருந்தார்கள்.

"வரிகள் வென்டல் லாட்டின்னாங்களா?" என்று கேட்டாள் கிளென்டா.

"கட்டம் சின்னதா இருந்துச்சு" என்றான் வென்டல்.

கதவுக்குச் சாரி சொல்கிறவன், பனிக்குச் சாரி சொல்கிறவன், அன்றைக்குச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் செய்ததாக ஆகிவிடுமே! கிளென்டா சன்னலைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்ல" என்றாள். எங்கள் ஊரில் பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் "இந்த வருஷம் குளிரு ஜாஸ்தி" என்பான் இவன். "ஆமா" என்பாள் அவள். ஒன்பது குளிர்காலம் இப்படியே போயிற்று.

போன வருடம் வென்டலுக்கு ஐம்பத்திரண்டு வயது முடிந்தது. பிறந்தநாளன்று, இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு பூசிய பெர்சியன் பன் ஒன்றை வாங்கித் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கிளென்டாவோடு சமாதானமாகாமல் செத்துப்போய்விடுவோமோ என்று அவனுக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். அவளுடைய எண் ஃபோனில் இருந்தது. கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் அவன் கூப்பிடவில்லை. ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தான்.

எட்டு மாதம் எழுதினான். 'ஏரி உறையுமுன்' என்று பெயர் வைத்தான். அதில் ஏரி வந்தது, தெற்கே போகிற வாத்துகள் வந்தன, பைன் மரம் மூன்று தடவை வந்தது. கிளென்டா கேட்டால் புரிந்துகொள்வாள் என்று நம்பினான். சாரி என்ற சொல் மட்டும் பாட்டில் எங்கேயும் இல்லை.

பதிவு செய்யும்போது அது வேறு விதமாக வந்தது. சுருதி தப்பினால் சாரி, கிட்டார் கம்பி வழுக்கினால் சாரி, உலை உறுமினால் உலைக்கும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கணினியில் புதுப் பெயரில் சேமித்தான்: 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி'. பயிற்சிக்காகப் பாடித் தடுமாறிய ஒன்றை, கணினிக்கு வீண் சுமை கொடுக்கிறோமே என்ற வருத்தத்தில், 'கடைசி, சாரி' என்று சேமித்தான். செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், வெள்ளிக்கிழமை வெளியாகும்படி இணையத்தில் ஏற்றியது அதைத்தான். திரும்பப் போட்டுக் கேட்கவும் இல்லை. தன் பாட்டை இருபது தடவை கேட்கிறவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அரங்கில், சறுக்குக் காலணிகளின் இரும்புத் தகட்டுக்குச் சாணை பிடிக்கிற ரெனோ அவனை வழிமறித்தான்.

"டேய் வென்டலு, என்னடா பாட்டு இது? யார்கிட்டடா இத்தன மன்னிப்பு? பேங்க கொள்ளையடிச்சிட்டியா?"

"வாத்து வருமே, அதுவா?"

"வாத்து எங்கடா வருது? வாத்துன்னு ஆரம்பிக்கிற, உடனே சாரிங்கிற. நடுவுல டிங்குனு ஒரு மணி வேற."

வென்டலுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பனிக்கட்டி அரங்கத்துக்குள் வியர்த்தது! பாட்டு ஏற்றுகிற நிறுவனத்துக்கு உடனே எழுதினான்: சாரி, தவறான பதிவு போய்விட்டது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பதில் வந்தது: சாரி, ஐந்து வேலை நாள் ஆகும்.

மத்தியானம் டாம்சினின் பட்டியல் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வென்டலின் பாட்டு உச்சியில் இருந்தது. "இருபத்து மூன்று மன்னிப்புகள். ஒவ்வொரு அடியையும் உடைத்து, ஒரு நாடே தன் மனசாட்சியின் முன் மண்டியிடுகிறது. இடையில் ஒலிக்கும் அந்தத் தேவாலய மணி உலுக்கிவிடுகிறது. காட்டுக்குள் ஒரு மரக்குடிலில், கடுங்குளிரில் பதிவானது" என்று எழுதியிருந்தாள். தேவாலய மணி என்பது துணி உலர்ந்துவிட்டது என்று இயந்திரம் அடித்த மணி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்பதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை டொரான்டோ வானொலி ஒன்றிலிருந்து பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். வென்டல் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஃபோனை எடுத்தான்.

"சாரிங்க, அது தப்பா ஏறிடுச்சு. வேற பாட்டு போட வேண்டியது."

"கேட்டீங்களா நேயர்களே? தப்பா ஏறிடுச்சாம்! எவ்வளவு பணிவு பாருங்க" என்றாள் அறிவிப்பாளர்.

"இல்லங்க, நெசமாவே தப்பு. சாரி."

"இருபத்தஞ்சு!" என்று அவள் சிரித்தாள். பின்னணியில் யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவனைக் கெடுத்தது. எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தானே, அன்று மாலையே அதை வாபஸ் வாங்கிக்கொண்டான், தொந்தரவுக்கு ஒரு சாரியோடு. புதன்கிழமை உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்தபோது, "நாமெல்லாரும் யாருக்காவது மன்னிப்பு கேக்க வேண்டியிருக்கு, அதத்தான் சொல்ல வந்தேன்" என்று கூசாமல் சொன்னான். எந்தக் குடில் என்று கேட்டதற்கு வடக்குப் பக்கம் கையைக் காட்டினான். புகழ் ஐந்து நாளில் ஒரு மனுஷனை இவ்வளவு சரளமாகப் பொய் பேச வைக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும் ஃபோனை எடுத்துப் பார்ப்பான். எல்லோரும் எழுதியிருந்தார்கள். கிளென்டா எழுதவில்லை.

சனிக்கிழமை அவளே வந்தாள்.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முன்னால் வென்டல் வண்டியில் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். தடுப்புக் கண்ணாடியில் கதவு திறக்கிற இடத்தில், கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கிளென்டா நின்றாள். வென்டல் பார்த்துவிட்டான். ஆனால் இந்த வண்டியை நடுவில் நிறுத்தக் கூடாது. பின்னாலிருந்து வெந்நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், நின்ற இடத்தில் பனி கெட்டுவிடும். இருபது வருடத்தில் அவன் ஒரு தடவையும் நிறுத்தியதில்லை.

பக்கத்தில் வந்தபோது அவள் சத்தமாகச் சொன்னாள்: "பாட்டு கேட்டேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்தான்.

"இருபத்து மூணு சாரி. எண்ணினேன். அதுல எனக்கு எது?"

அந்தச் சுற்று முழுக்க யோசித்தான். வந்து, "எல்லாமே உனக்குத்தான், கிளென்டா!" என்று கத்தினான். பத்திரிகைக்காரனிடம் பேசிய அதே குரல்.

அடுத்த சுற்றுக்குள் அவள் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்திருந்தாள்.

"பொய் சொல்லாத. மொத நாலு கிட்டாருக்கு. உலை உறுமினப்ப ஒண்ணு அதுக்கு. மணி அடிச்சதும் சொன்னது துணி மெஷினுக்கு. நீ யாருகிட்ட சொல்றப்ப குரல் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் பக்கத்துல நின்னு பாடியிருக்கேன்."

வண்டி அவளைக் கடந்து பத்தடி போனது. பிறகு நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். வண்டிக்குப் பின்னால் வெந்நீர் தேங்கி ஆவி பறந்தது. வென்டல் இறங்கினான், வழுக்கினான், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றான்.

"ஒண்ணுகூட உனக்கில்ல" என்றான்.

அவள் நீட்டியிருந்த விரலை மடக்கினாள்.

"கட்டம் சின்னதா இல்ல, கிளென்டா. உன் பேரு தாராளமா அதுல புடிச்சிருக்கும். நான்தான் எழுதல. அந்த வரியெல்லாம் நானே எழுதினதா யாராவது நெனச்சா நல்லா இருக்கும்னு தோணிச்சு. அதான் எழுதல." அவன் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "மன்னிச்சிரு."

கிளென்டா பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்று வென்டல் பயந்துகொண்டிருந்தான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், கோட்டு நுனியில் துடைத்தாள், திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"பாட்டு நல்லாவே இல்ல, வென்டல்" என்றாள். "ரெண்டாவது அடி மேல்குரல் இல்லாம மொட்டையா நிக்குது."

பன்னிரண்டு பாட்டுப் போட்டவனைப் பார்த்து ஒருத்தர்கூட இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்கு வாயெல்லாம் சிரிப்பாக வந்தது.

"வென்டல்! பிள்ளைங்க நிக்கிறாங்க! பனி போச்சு!" என்று பயிற்சியாளர் கண்ணாடியைத் தட்டினார்.

வென்டல் திரும்பினான். பழக்க தோஷத்தில் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவன் மறுபடியும் கிளென்டாவின் பக்கம் திரும்பினான்.

"எந்த எடத்துல மேல்குரல் வரணும்னு சொன்ன?"