விருந்தாளிக்காகத் திறந்த தொட்டி

எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன்காரப் பெண் வந்து தங்கப்போகிறாள் என்றதும் தெருவில் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" என்பதுதான். ஆம்பூரில் வெள்ளைக்காரர் என்றால் ஒன்று ஷூ வாங்க வரும் பையர், இல்லாவிட்டால் பையருக்காகக் குற்றம் கண்டுபிடிக்க வரும் ஆடிட்டர். சும்மா வருகிற வெள்ளைக்காரரை எங்கள் ஊர் பார்த்ததில்லை. சும்மா வந்து பார்க்க இங்கே பிரியாணியைத் தவிர என்ன இருக்கிறது? அதுவும் இவள் மாமிசமே சாப்பிடாதவள்.

விஷயம் இவ்வளவுதான். என் மகள் படிக்கும் வேலூர்க் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு கல்லூரிக்கும் ஓர் ஏற்பாடு. இங்கிருந்து ஒருத்தி அங்கே போவாள், அங்கிருந்து ஒருத்தி இங்கே வருவாள், ஒருத்தி வீட்டில் மற்றவள் தங்குவாள். என் மகள் அவள் வீட்டுக்குப் போனாள். அவள் என் மகளின் கட்டிலில் வந்து படுத்தாள்.

"அங்க நம்ம பொண்ண எப்டி வெச்சுக்கறாங்களோ, அதுக்குக் கொஞ்சமும் கம்மியில்லாம இவள நாம வெச்சுக்கணும்" என்று என் கணவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வெச்சுக்கணும் என்றால் நான் வெச்சுக்கணும். காலையில் எழுந்து காரமில்லாத சட்னி அரைத்துவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் போய்க் கணக்குப் பாடம் எடுக்கணும்.

ஆனால் நல்ல பெண். தட்டைத் தானே கழுவினாள். தண்ணீர் கொடுத்தாலும் தேங்க்யூ, நகர்ந்து உட்கார்ந்தாலும் தேங்க்யூ. வந்த அன்று மாலை மொட்டை மாடியில் காற்று திரும்பியபோது மூக்கைச் சுளித்து, இது என்ன வாசனை என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அப்புறம்தான் தோல் பதனிடும் டேனரிகளின் வாசனையைச் சொல்கிறாள் என்று புரிந்தது. என் கணவர் பக்கத்து டேனரி ஒன்றில் கழிவுநீர்ப் பகுதிக்குப் பொறுப்பாளர். அவர் சட்டையில் ஊறிய வாசனையோடுதான் எனக்குக் கல்யாண வாழ்க்கையே ஓடியிருக்கிறது.

வினை ஒரு போட்டோவில் வந்தது. அங்கே அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி. அவர் என் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், தலைக்கு வெள்ளைத் தொப்பி மாட்டி, மாவு பிசையவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். என் கணவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். யாராவது ஒன்று செய்துவிட்டால் அதைத் திருப்பிச் செய்கிறவரை அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண மொய்யிலிருந்து பக்கத்து வீட்டுக் கேசரிவரைக்கும் அப்படித்தான்.

"அவரு வேலை செய்யற எடத்தக் காட்டிட்டாரு. நாம காட்டலன்னா இன்னா மரியாத?"

"பேக்கரியும் டேனரியும் ஒண்ணாங்க?" என்றேன்.

"தோல் வேலைன்னா கேவலமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எனக்குப் பள்ளி விடுமுறை. டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன், அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். டேனரி கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்து எழுந்ததே கிடையாது. அன்று விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உள்ளே ஈரத் தோல்களை வெறுங்கையால் புரட்டிக்கொண்டிருந்தவர்கள், நாங்கள் முற்றத்தைத் தாண்டுவதற்குள் கிளவுஸும் பூட்ஸுமாக நின்றார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. வெள்ளை முகம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வருஷக்கணக்காக அவர்கள் கை காலில் ஊறிய பழக்கம்.

மேனேஜர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். அவளுக்கு டீ, முந்திரி பிஸ்கட், தன்னுடைய விசிட்டிங் கார்டு. எனக்கு நாற்காலிகூடக் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே, நான் வெறும் மாணவி, இவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்றாள். மேனேஜரும் சிரித்தார். "யெஸ், யெஸ், ஸ்டூடண்ட்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் தானே சுற்றிக் காட்டுவதாக அவளிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்தபோது முகம் சரியில்லை. காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கெழமைக்குள்ள பெரிய தொட்டியக் கழுவணுமாம்" என்றார்.

தோல் கழுவிய தண்ணீரெல்லாம் முதலில் போய் விழுகிற தொட்டி அது. தரைக்கு அடியில் இருக்கிறது, வாய் மட்டும்தான் மேலே தெரியும். அடியில் சேறு கட்டிப்போய்க் கிடந்தது. அதை உறிஞ்ச லாரி உண்டு. ஆனால் லாரி கிடைக்க நாளாகும், சனிக்கிழமையோ பக்கத்தில் இருந்தது. ஆளை இறக்கக் கூடாது என்பது சட்டம். மேனேஜருக்கும் அது தெரியும்.

"அவ படிக்கற பொண்ணுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். இப்பல்லாம் ஆடிட்டருங்கள இப்டித்தான் வீட்டுக்குள்ள வெச்சு அனுப்புறாங்கன்றாரு. ஒங்க வீட்டுக்கே எப்டி வந்தா, யோசிச்சுப் பாருன்றாரு."

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தொட்டிச் சாவு புதிதில்லை. சேதி எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். முதலில் இறங்கியவர் விஷவாயுவில் மயங்கி விழுவார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். என் கணவர் அந்த இரண்டாவது ஆள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தவர். இறங்கப்போகிற மனிதரை நினைத்து நான் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். நான் பயந்ததெல்லாம் இவருக்காகத்தான்.

"நம்ம பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க, எறங்க மாட்டேன்னு."

"நான் மேல நிக்கற ஆளும்மா. நான் ஏன் எறங்கப்போறேன்?"

"அது சத்தியமில்ல."

"பேஜார் பண்ணாத" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவளிடம், சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது, உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்துகொண்டே போனது. எழுந்து என் மகளின் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் போனை நீட்டியபடி வந்தாள். மேனேஜர் கொடுத்த கார்டில் இருந்த நம்பருக்கு வாட்ஸப் அனுப்பியிருந்தாள். என் பொருட்டு யாரையும் அந்தத் தொட்டியில் இறக்காதீர்கள், நான் மாணவி மட்டும்தான், சனிக்கிழமை வரவும் மாட்டேன் என்று இங்கிலீஷில் பணிவாக எழுதியிருந்தாள். நல்ல காரியம் செய்துவிட்ட தெளிவு அவள் முகத்தில்.

அவள் ஊரில் அது ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் தொட்டியைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிற வெள்ளைக்காரி மாணவியாக இருக்க முடியாது. வரமாட்டேன் என்று சொன்னால் சொல்லாமல் வரப்போகிறாள் என்றுதான் அர்த்தம். போனில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் அவரைக் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்னைக்கே முடிச்சாகணுமாம். நான்தான் போட்டுக் குடுத்துட்டேன்னு மேனேஜரு மூஞ்சி குடுத்தே பேசல. காண்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் எறங்கப்போறான். வெய்யி."

"ஏங்க, நீங்க..." என்பதற்குள் வைத்துவிட்டார்.

அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. நான் ஸ்கூட்டர் ஸ்டாண்டை எடுப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவள் முகத்தைப் பார்த்தால் வேலையை நிறுத்துவார்கள், நாலு பேர் முன்னால் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழி நெடுக அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் அவளைப் பார்த்தார். சல்யூட் அடிக்கவில்லை, சுவரில் இருந்த ஒரு சுவிட்சை அழுத்தினார். உள்ளே நீளமாக மணி அடித்தது. யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது, எங்களுக்காகத்தான் அடிக்கிறது என்று. இப்போது எல்லாரும் கிளவுஸ் தேடி ஓடுவார்கள், வேலை நின்றுவிடும் என்று நிம்மதியானேன். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பின்கட்டுக்குப் போனபோது தொட்டியின் வாயைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு இரும்புத் தகடு, தகட்டின் மேல் தார்ப்பாய், தார்ப்பாயின் மேல் இரண்டு பேர் குரோட்டன்ஸ் செடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு மூட்டைகளின் ஓரமாக ஒரு மனிதர் உடம்பெல்லாம் சேறாக, கண் செருகிக் கிடந்தார். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் துணிக்கொடி கட்டும்போது என் கணவர் அந்த முடிச்சுதான் போடுவார்.

"எங்க அவரு?" என்றேன்.

செடி வைத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. மேனேஜர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, "குட்மார்னிங் மேடம்" என்றார்.

"எங்கடா என் வீட்டுக்காரரு?" என்று கத்தினேன். இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த தொண்டை அது.

செடி வைத்தவர்களில் ஒருவர் அழ ஆரம்பித்தார். "ரெண்டே நிமிஷம்கா. மேடம் அந்தப் பக்கம் போனதும் தொறந்துடலாம்னு மேனேஜரு சொன்னாரு" என்றார்.

முதல் செடியை எட்டி உதைத்தவள் அவள்தான். நான் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தேன். தகடு நகரவில்லை. அழுதவர் வந்து கை வைத்தார், பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தகட்டைத் தள்ளியதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. இரும்பு ஏணியின் நடுவில், இரண்டு கையையும் படிக்குள் கோத்துக்கொண்டு, தலை தொங்க என் கணவர் நின்றிருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கீழே இறங்காமல், நீளக் கழியில் கட்டிய கொக்கியை அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டித்தான் தூக்கினார்கள். இன்னொருவர் இறங்கப் போனபோது இறங்காதே என்று கத்தியதும் நான்தான்.

பிழைத்துக்கொண்டார். கயிறு கட்டி அவர் மேலே அனுப்பிய மனிதரும் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஆப்பிளோடு வந்தார். என்னிடம் இல்லை, அவளிடம் போய், ரிப்போர்ட்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். நான் மாணவி, நான் மாணவி என்று அவள் அழுதாள். அவர் தலையாட்டிக்கொண்டே நின்றார். கல்லூரிக்காரர்கள் வந்து அவளை வேலூர் ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் கணவருக்கு இருமல் நிற்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திங்கட்கிழமையிலிருந்து டூட்டிக்கு வரச் சொல்லி டேனரியிலிருந்து ஆள் வந்து போனது. அதே பகுதி, அதே தொட்டி. போகாதீங்க என்றேன். வேற எங்க போறது, எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதானே என்றார். சண்டை போட்டேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் குனிந்து சோற்றைப் பொறுக்கி எடுத்தார். அப்புறம் என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"அவன மேல அனுப்பிட்டு ஏறலாம்னா கைகால் வரல. செத்துட்டேன்னுதான் நெனச்சேன். அப்ப பெல் அடிச்சுது. மேல மூடிட்டாங்க, ஒரே இருட்டு. மூடுனதும்தான் தெரிஞ்சுது, நீ அவளக் கூட்டிக்கினு வந்துட்டன்னு. அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்லம்மா."