பெரியம்மை வந்த வழி

புதுச் சிமெண்டில் தண்ணீர் தெளித்ததும் தொண்டையைக் கமறவைத்துக்கொண்டு எழும்பும் அந்தச் சூடான வாசனைதான் எனக்குப் பணக்கார வாசனை. பாறசாலைக்குக் கிழக்கே, எங்கள் பத்து சென்ட் நிலத்தைச் சுற்றி மதில் எழுந்துகொண்டிருந்த நாட்களில், ஆறாம் வகுப்புக்காரியான நான் தினமும் காலையில் அதை மோந்து பார்த்துவிட்டு, மூக்கு நுனியில் ஒரு சாம்பல் பொட்டோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்தப் பத்து சென்டும் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அதே மண்ணில், அதே ஓலைப்புரையில், ஒரு பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் அவர் தயவில் குடியிருக்கும் “குடிகிடப்பு”க்காரர்களாக இருந்தோம். அவருடைய காரியஸ்தன் நினைத்த நேரத்தில் எங்கள் முற்றத்தைச் சவுட்டி மிதித்துக்கொண்டு போவான். அப்பா தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ஆகவே பட்டயம் கையில் வந்து, துபாய்க்கும் போய்ச் சேர்ந்த அப்பா, முதல் சம்பாத்தியத்தில் கூரையை மாற்றச் சொல்லவில்லை, கக்கூஸ் கட்டச் சொல்லவில்லை. “முதல்ல மதில் கெட்டு. இனி ஒருத்தனும் கேக்காம நம்ம முற்றத்தச் சவுட்டப்பிடாது” என்று எழுதினார். எங்கள் பக்கத்தில் கல்ஃப் காசு வந்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே ஓலைப்புரை, வெளியே கோட்டை மதில்.

அந்த முற்றத்தைக் கேட்காமல் சவுட்ட எல்லாரும் சம்மதித்த ஒரே ஆள் பெரியம்மை, அம்மையின் அக்கா. ரப்பர் சரிவுக்கு அப்பால் அவள் வீடு. நான் ஓடினால் பத்து நிமிடம். பெரியம்மைக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஏனென்றால் நடுவில் மூன்று வீட்டு முற்றங்கள், மூன்றிலும் விசாரிக்க விஷயம் உண்டு. எல்லைக்கு மண்ணால் போட்ட “கையாலை”களில் அவள் ஏறி இறங்கியே படிபோல் தேய்ந்திருந்தது. தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பின்பக்கமாக வந்து, “சும்ம ஒண்ணு வந்தேன்” என்று உட்காருவாள். இருட்டும் முன்பு அதே வழியில் திரும்புவாள். அவளுக்கும் அம்மைக்கும் சேர்த்து ஒரு நாள் என்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

கொத்தனார் செல்லையன் பின்மதிலில் கை வைக்கும் முன் கேட்டார்: “தங்கம் அக்கா, ஒரு ஆள் நொழையிற அளவுக்கு விடட்டா? பெரியவளுக்கு வரணுமே.”

“விடணும்ணுதான் எனக்கும். எதுக்கும் துபாய்க்கு எழுதி அவியட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்” என்றாள் அம்மை. இன்றைக்கு வழி விட்டால் நாளைக்கு வழி உரிமை என்று கேஸ் வரும் என்று ஊரில் பயம் காட்டியிருந்தார்கள்.

அம்மைக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல ஏரோகிராமில் எழுதுகிற உத்தியோகம் எனக்கு. அவள் சொல்லி முடித்ததும் ஓரத்தில் பொடி எழுத்தில் என் தேவைகளைச் சேர்ப்பது வழக்கம். அன்று பேராசை பிடித்து என் தேவைகளை முதலில் எழுதினேன்: காந்த மூடி போட்ட பென்சில் பெட்டி, மணக்கும் ரப்பர், குதி உயர்ந்த செருப்பு, செருப்புக்கு அளவு காட்டப் பாதத்தின் படம். என் பாதம் அப்போதே கொஞ்சம் தாராளம். படம் முடிந்தபோது ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. போதாக்குறைக்கு, பின்வாசல் விட்ட மதில் பல் போன வாய்போல இருக்கும் என்று வகுப்பில் ஒருத்தி வேறு சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரியில், “மதில் நன்றாக வருகிறது” என்று எழுதினேன்.

“பின்வாசல் காரியம் எழுதினியா மக்கா?”

“எழுதினேன்.”

ஒரு மாதம் கழித்து வந்த பதிலில் செருப்பு உண்டு, காந்தப் பெட்டி உண்டு. அம்மை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். “வாசல் காரியம் ஒண்ணும் இல்லியா?” “இல்ல” என்றேன். அதுவாவது உண்மை. அம்மை அடுப்பை அணைத்தாள். பிறகு வெளியே வந்து, அதுவரை பின்பக்கத்தில் இடைவெளி விட்டு வேலை செய்த செல்லையனிடம், “அவியளுக்கு இஷ்டமில்ல போல. அடைச்சிரும்” என்றாள்.

அன்று மத்தியானம் மதிலுக்கு அப்புறமிருந்து குரல் வந்தது. “ஏட்டி தங்கம், நான் என்ன கோழியா, பறந்து வாறதுக்கு?” பெரியம்மை சிரித்தாள். இந்தப் பக்கம் அம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு பெரியம்மை ரோடு வழியாக வந்தாள். இரண்டு கிலோமீட்டர். வெள்ளறடை பஸ்ஸும் லாரியும் உரசிப் போகும், ஒதுங்க இடம் கிடையாது. “ரோட்டுல நடந்தா காலு மட்டுமாக்கும் நடக்குது” என்பாள். தினமும் வந்தவள் வாரத்துக்கு ஒருமுறை வந்தாள், பிறகு ஓணத்துக்கு வந்தாள். சரிவில் மற்ற மூன்று முற்றங்களுக்கும் ஒவ்வொன்றாக மதில் வந்தது. பெரியம்மை தன் வீட்டிலேயே உட்கார்ந்தாள், உட்கார்ந்தே பெருத்தாள். சர்க்கரை வந்தது, கால்விரல் ஒன்று போனது, பிறகு முழங்கால் வரைக்கும் போனது.

கால் போவதற்கு வெகு முன்பே, முதல் லீவில் வந்த அப்பா முதல் நாளே கேட்டார்: “உங்க அக்கா வாற வழிய ஏன் அடைச்சே?”

“நீங்க மறுமொழி எழுதல்லியே.”

அப்பா விழித்தார். நான் அவர் கொண்டுவந்த புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அப்பா கடப்பாரையோடு பின்பக்கம் போய், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அந்தப் பக்கம் அடுத்தவன் மதில் இருந்தது.

இப்போது பெரியம்மையும் இல்லை, அப்பாவும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஆறாவது மாடியில் நானும் அம்மையும் இருக்கிறோம். எனக்கும் சர்க்கரை, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எங்கும் போய்ச் சேராததற்குக் கைபேசி என்னைப் பாராட்டுகிறது. போன ஓணத்துக்கு ஊருக்குப் போனபோது, நாலு வீடு தள்ளிப் போகவும் ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். நானும்தான் காட்டினேன்.

போன வாரம் அம்மையின் முட்டுவலிக்காக டாக்டரிடம் போயிருந்தோம். “தினமும் அரை மணிக்கூர் நடக்கணும் அம்மே” என்றார்.

“எங்க போறதுக்கு, டாக்டரே?”

“எங்கயும் போகண்டா. சும்ம நடந்தா மதி, அது போதும்.”

அம்மை யோசித்தாள். “ஆரையும் பாக்காண்டாமா?” என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். எதற்கும் முதலில் சிரிப்பவளான எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அம்மை என் பக்கம் திரும்பியபோது, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.