முதல் மரக்கால்

"மறுபடியும் தப்பா?" என்று கேட்டாள் கோதைநாயகி.

"நூத்திப் பதினேழு கொறையுது டைப்பிஸ்டம்மா. போன வாரமும் அதே நூத்திப் பதினேழுதான்."

"உங்க பட்டியல்ல மொத எண் என்ன?"

துளசிராமன் தாளைப் பார்த்தான். "நூத்திப் பதினேழு."

"அதைக் கம்ப்யூட்டர் கூட்டவே இல்லை. ரெண்டாவதுலேருந்து கூட்டுன்னு நீங்கதானே எழுதியிருக்கேள்?"

"மொதல்ல கீறது லாபமாச்சேம்மா."

"லாபமா?"

"நெல்லு அளக்கசொல்ல மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னு போடுவாங்க. அப்பால ரெண்டு, மூணு. எண்றதே ரெண்டுலதான்."

"லாபமும் மூட்டைக்குள்ளதானே போறது?"

அவன் தாளைத் திருப்பி, 'ரெண்டு' என்று எழுதியிருந்த இடத்தைத் தேடினான்.

அது எழுபத்தாறாம் வருஷம். கவரைப்பேட்டையில் அப்பாவின் களத்தில் எட்டு வயதிலேயே மரக்கால் எண்ணியவன் துளசிராமன். படித்து முடித்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்கு வந்தால், அங்கே ஸ்டோரில் போல்ட் எண்ணுகிற வேலை. அறுவடை வந்தால் லீவு போட்டுவிட்டு மறுபடி களம். எங்கே திரும்பினாலும் எண்ணிக்கைதான்.

மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, மாதக் கடைசிக்குள் மூன்று கணக்குகளைச் சரியாகப் போட்டு அனுப்புகிறவர்களில் ஒருவருக்கு அங்கே வேலை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். துளசிராமன் அதை நின்று இரண்டு முறை படித்தான்.

கம்ப்யூட்டருக்குக் கணக்கை எப்படி எழுதிக் கொடுப்பது என்று சொல்லும் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தொழிற்சாலை டைப்பிஸ்ட், திருவள்ளூர்க் கோயில் குடும்பத்துப் பெண்ணான கோதைநாயகி சாப்பாட்டு வேளையில் அதைப் படித்துத் தமிழில் சொல்லுவாள். ஒரே பெயரில் இருபது அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதுதான் 'அர்ரே' என்றாள். "நம்ம ரேக்கு மாதிரி," என்று அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

மெஷினை இருவருமே பார்த்ததில்லை. புதன்கிழமை வேனில் தாள் போகும். மெட்ராஸில் தாளில் உள்ளதை அட்டையில் துளைகளாகப் போட்டு மெஷினில் ஓட்டுவார்கள். விடை அடுத்த புதனுக்கு வரும். ஒரு தப்புக்கு ஒரு வாரம். எண்களைத் தலைகீழாக அடுக்குகிற கணக்கு சரியாக வந்தது. பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கில் முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து ஒப்பிட வேண்டும். அதுவும் முதல் தடவையே சரி. அந்தத் தெம்பில் கூட்டல் கணக்கையும் இரண்டிலிருந்தே தொடங்கிவிட்டான். விடை குறைந்து வந்தபோது, துளை போட்டவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அதே தாளைத் திருப்பி அனுப்பினான்.

"இன்னா துளசி, மெட்ராஸ்லேந்து உனக்குக் காரு வருதாமே? எனக்கும் ஓரமா ஒரு சீட்டு போட்டு வையி," என்றார் ஸ்டோர் பொறுப்பாளர் யேசுதாஸ்.

இரண்டாம் முறையும் குறைந்து வந்த அந்தப் புதன்தான் மாதத்தின் கடைசிப் புதன். இரண்டை அழித்து ஒன்று போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அன்றைய வேன் போய்விட்டது, அடுத்த வேன் அடுத்த மாதம்தான். வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வேகமாக டைப் அடிக்கிறவள் என்று கோதைநாயகியை மெட்ராஸுக்கு மாற்றினார்கள், அட்டையில் துளை போட. அவள் கிளம்பிய அன்று கேட்டருகே அவன் நின்றிருந்தான். கையில் நாலாக மடித்த அதே தாள், இரண்டை ஒன்றாகத் திருத்தியது.

"டைப்பிஸ்டம்மா, இத்த ஒரு தபா ஓட்டிப் பாருங்க. வேலைக்காகக் கேக்கல. கூட்டு சரியா வந்துச்சின்னு ஒரு லெட்டர் போட்டா போதும். ஊட்டுக்குப் போடாதீங்க, நைனா பிரிச்சிடுவாரு. ஸ்டோருக்கே போடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."