நஞ்சப்பன் சொல்லித்தந்த முழங்கால்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நஞ்சப்பனின் தங்கை எழுதிய கார்டு, சனிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. "அண்ணன் காய்ச்சலில் தவறிவிட்டார். அவர் பெட்டியில் உங்கள் விலாசம் மட்டும்தான் இருந்தது" என்று எழுதியிருந்தார். மருந்தறையில் நான் தனியாக இருந்தேன். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே எல்லாருக்கும் அவர் ஸ்டோர் கிளார்க்; அவ்வளவுதான். அப்படி அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாலிபத்தில் அமெரிக்கா போய், கையால் மூட்டுகளைச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி வைத்தியம் படித்தவர் அவர். படித்த கல்லூரியிலேயே பதினோரு வருஷம் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு நார்கள்தான் அவருடைய பாடம். தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று புறப்பட்டார். கப்பல் கரை சேருமுன் தாய் போய்விட்டாள். இங்கே அந்தப் பட்டத்தை ஒரு கல்லூரியும் ஏற்கவில்லை. அரிசியும் மண்வெட்டியும் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மலையேறி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் ஒன்றை இலையில் சுற்றிக்கொண்டு வந்தார். "ஏனுங்க கம்பவுண்டரே, மேசையைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்க" என்றார். மூட்டைத் திறந்து, உள்ளே குறுக்காக ஓடும் இரண்டு நார்களைக் காட்டினார். "இது கீழெலும்பை முன்னால போக விடாதுங்க. அது பின்னால போக விடாது." நான் அவரைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளிப் பையனைப் போல நின்று கேட்டேன். அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. முடித்ததும் காலிப் பெஞ்சைப் பார்த்தார். "அங்க நாப்பது பேருங்க" என்றார்.

அந்த மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாள் சரிவில் விழுந்தாள். தோட்டத்து டாக்டர் சுளுக்கு என்று எழுதி வேலைக்கு அனுப்பினார். இரண்டாம் முறையும் விழுந்தாள். "ஏறுறப்ப ஒண்ணுமில்லய்யா, எறங்குறப்பதான் முட்டி நழுவிக்கிட்டுப் போவுது" என்று அழுதாள். நஞ்சப்பன் அவள் முழங்காலை மடக்கிவைத்து, கீழெலும்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். மேசை இழுப்பறை போல முன்னால் வந்தது. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

நஞ்சப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், "சுளுக்கு இல்லைங்க, உள்ஜவ்வு அறுந்துபோச்சு. அந்தப் பொம்பளைக்கு உக்கார்ற வேலை குடுக்கோணும்" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீ பார்த்தாயா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒன்றும் தெரியாதுங்க" என்றேன்.

நஞ்சப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தறைக்குள் அவர் கால்வைக்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. பேச்சியம்மாள் மூன்றாம் முறையும் விழுந்து, வேலையை விட்டு மலையடிவாரத்துப் போடிக்கு இறங்கிப்போனாள். இரண்டு வருஷம், கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போகும் நாளில் நஞ்சப்பன் மருந்தறை வாசல்வரை வந்து, வெளியிலேயே நின்றார். "உங்க கைக்குத் தெரியுமுங்க. வாய்க்குத்தான் பயம்" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கார்டுக்குப் பின் வந்த திங்கட்கிழமை ஃபேக்டரி ஆள் ஒருவன் முழங்கால் வீங்கி வந்தான். சோதித்துப் பார்த்து, ஜவ்வு அறுந்திருக்கிறதென்று டாக்டரிடம் சொன்னேன். "யார் உனக்குச் சொன்னது?" என்றார். நஞ்சப்பன் பெயரைச் சொன்னேன். டாக்டர் உட்கார்ந்த வேலை என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

நோகாத காலை முதலில் தொட வேண்டும் என்பது நஞ்சப்பனின் வழக்கம். கை என்ன செய்யப்போகிறது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும், பயம் குறையும் என்பார். அது ஒன்று என்னிடம் இருக்கிறது; ஃபேக்டரி ஆளையும் அப்படித்தான் தொட்டேன். சரியாகச் செய்தேனா என்று கேட்கத்தான் இந்த மலையில் ஆள் இல்லை.