வாசகசாலையில் வாங்கிய ஏச்சு

நாகர்கோவிலில் அந்த வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒருவர் படித்து எழுந்ததும், கசங்கிய பத்திரிகையை உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருவார்.

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்த அன்று, ஊரிலிருந்து விடியற்காலையிலேயே நடந்துபோய் வாசகசாலை வாசலில் நின்றேன். எங்கள் ஆட்கள் எந்தக் கட்டடத்திலும் முற்றத்தில் நின்றே பேசிப் பழகியவர்கள். நானும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, என் நம்பர் பேப்பர்ல உண்டான்னு பாத்துச் சொல்லணும்" என்றேன்.

"பரீச்ச எழுதினது நானா, நீயா?"

"நான்தான்."

"பெறகு நீதான பாக்கணும்? பேப்பர் அங்க நடந்து வருமா? உள்ள வா மக்கா."

தயங்கித் தயங்கி ஏறினேன். பெஞ்சிலிருந்த கோட்டுக்காரர் என் ஊரையும் கேட்கவில்லை, குலத்தையும் கேட்கவில்லை. தலை நிமிராமலே நகர்ந்து இடம் விட்டார். என் எண் இருந்தது. "பாசாயிட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஏலே, மெதுவா! பாசானவனும் தோத்தவனும் இங்க வாயப் பொத்திட்டுதான் இருக்கணும்" என்று கண்ணாடிக்காரர் அதட்டினார்.

குடியிருந்தால் இந்த ஊரில்தான் என்று அன்றே முடிவு செய்தேன். நாகர்கோவிலில் அப்படி என்னடா இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். மணிமேடை, ஆஸ்பத்திரி, பஸ் என்று அடுக்கினேன். அந்த அதட்டலைச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை உள்ளே வந்ததற்காகத்தான் என்னை ஏசியிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து சத்தம் போட்டதற்காக ஏசிய முதல் மனிதர் அவர்.