பூதம் செத்ததா, பிழைத்ததா?

1976-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்கிற பழக்கம் சிறு வயதிலேயே என்னைத் தொற்றிக்கொண்டது. எந்தக் கப்பல் என்றைக்கு வந்தது, எந்த வருஷம் மழை பொய்த்தது, எந்தத் தியேட்டரில் எந்தப் படம் எத்தனை வாரம் ஓடியது என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் நான் சொல்லப்போகிற நாளுக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. ஞாயிறு இல்லை, ஞாயிறாக இருந்தால் வள்ளம் கடலுக்குப் போயிருக்காது. இவ்வளவுதான் தெரியும். ஏன் குறிக்கவில்லை என்பது போகப்போக விளங்கும்.

எங்கள் ஊரில் ஒரு பழைய ஆங்கிலப் படத்துக்குத் தனி மவுசு உண்டு. கறுப்பு வெள்ளைப் படம். கடலுக்கடியில் காலங்காலமாகத் தூங்கிக்கிடந்த ராட்சத மிருகம் ஒன்று விழித்துக்கொண்டு, ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடும். கிரேன்களை முருங்கைக்காய் ஒடிப்பது போல ஒடித்துப் போடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதை ஞாயிறு காலைக் காட்சியாகப் போடுவார்கள். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கூட்டம் நேராகத் தியேட்டருக்கு வரும். வசனம் ஒருவருக்கும் புரியாது, அதைப்பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை. கிரேன் சாயும் இடத்தில் ஹார்பர் ஆட்கள் எழுந்து நின்று விசிலடிப்பார்கள். படத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பூதம்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

முடிவில்தான் சிக்கல். குண்டடி பட்ட பூதம் கடலுக்குள் சாய்ந்து மூழ்கும். பெரிய பெரிய குமிழிகளாக மேலே வரும். பிறகு சின்னச் சின்னதாக வரும். பிறகு ஒன்றும் வராது. கடல் சலனமில்லாமல் கிடக்கும்போதே திரை வெள்ளையாகிவிடும், விளக்கைப் போட்டுவிடுவார்கள். கடைசி ரீல் எப்போதோ எரிந்துபோனது, அதில்தான் முடிவு இருந்தது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். எரிந்த ரீலைக் கண்ணால் பார்த்ததாகத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் சத்தியமே செய்வார்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து வரும் ஓர் ஆங்கில இதழில் ஒரு துணுக்குச் செய்தி வந்தது. அந்தப் படத்தை மறுபடியும் எடுக்கப்போகிறார்கள். இந்தத் தடவை கலரில், பெரும் செலவில். அதை நான்தான் கடற்கரையை ஒட்டிய டீக்கடையில் வாசித்துச் சொன்னேன். அன்று முதல் அங்கே வேறு பேச்சே இல்லை. பூதம் என்ன நிறமாக இருக்கும்? பாசி நிறம் என்றார் ஒருவர். கடலுக்கடியில் வெயில் படாமல் கிடந்தது வெளுத்துத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். புதுத் துறைமுகம் கட்டியாகிவிட்டதே, நம் ஊருக்கு வருவது போல எடுக்க மாட்டார்களா என்று ஓர் ஆசை கிளம்பியது. டீக்கடை அண்ணாச்சி அதை ஒரே போடாகப் போட்டார்.

"வரட்டும்வே. உள்ள பெர்த்துல நிக்க எடம் கெடைக்க வெளிய நங்கூரம் போட்டுக் கெடக்கணும்லா. அதுக்குள்ள பூதத்துக்கே வயசாயிரும்."

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. புதுப் படத்தில் வரப்போவது பழைய பூதமேதானா, இல்லை அதன் குட்டியா? பழையது பிழைத்திருந்தால் அதுவே வரலாம். செத்திருந்தால் குட்டிதான் வந்தாக வேண்டும். ஆக, பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த எரிந்த ரீலிலேயே வந்து நின்றது.

அந்தக் கடைக்கு மச்சான் மாப்பிள்ளை உறவில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் சங்கு குளிப்பவர், அதாவது கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுப்பவர். மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். வள்ளத்தில் இருந்தபடி குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவர். முத்துக்குளித்த காலத்திலிருந்து அங்கே அப்படித்தான். கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில் கொடுப்பார்கள். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டான் என்ற நம்பிக்கை. இருவரும் அந்தப் படத்தைக் குறைந்தது ஐந்தாறு தடவையாவது பார்த்திருப்பார்கள். அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தும் இரண்டு முடிவு வைத்திருந்தார்கள்.

"செத்துட்டு மாப்பிள" என்றார் கயிறு பிடிப்பவர். "குமிழி நின்னுட்டுல்லா? குமிழி நின்னா கதை முடிஞ்சுது."

"மேல உக்காந்து பாக்கிறவருக்கு அப்படித்தான் தோணும். கீழ வந்து பாரும்வே. மூச்ச அடக்குனா குமிழி எங்கன வரும்? அது அடக்கிட்டுக் கெடக்கு."

"எம்புட்டு நேரம் அடக்கும்?"

"அது பூதம்லா!"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் குளிப்பவர் ஒரு வார்த்தையைக் கூடுதலாகப் போட்டார்.

"அப்ப நாளைக்கு எனக்குக் குமிழி நின்னா, செத்துட்டான்னு கயித்தச் சுருட்டி வச்சிருவீரோ?"

மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. டீக் கிளாஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

"என் கையில நம்பிக்கை இல்லன்னா வேற ஆள வச்சுக்க மாப்பிள."

"வச்சுக்கிடுதேன்."

விளையாட்டுப் பேச்சுதானே, விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. குளிப்பவர் ஆலந்தலையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார். மச்சான் அதே வள்ளத்தில் வேறொரு குளியாளுக்குக் கயிறு பிடித்தார். ஒரே வள்ளத்தில் போய் ஒரே வள்ளத்தில் திரும்பினார்கள். பேச்சு மட்டும் இல்லை.

ஒருநாள் மாலை குளிப்பவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம்தான் முதலில் பேசிக்கொண்டிருந்தார். நான் எட்டிப்பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

"சார், அந்தப் பாழாப்போன பூதம் செத்துட்டா இல்லியான்னு எங்கயாவது கேட்டுச் சொல்லுங்க. எங்கண்ணன் கயிறு புடிச்சா நான் பாட்டுக்கு உலை வச்சிட்டு வேலையப் பாப்பேன். இப்ப வள்ளம் கரைக்கு வாரது வரை தொண்டையில தண்ணி எறங்க மாட்டேங்கு. ரெண்டு பேருல எவன் தோத்தாலும் சரி, சண்டை முடிஞ்சாப் போதும்."

எந்தக் கேள்விக்கும் எங்காவது ஓர் இடத்தில் பதில் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு வழியும் இருந்தது. அலுவலக வேலையாகக் கப்பல்களுக்குப் போய்வருகிறவன் நான். உரம் ஏற்றி வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலில், கேப்டனின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், சமையலறைப் பக்கம் போனேன். வயதான சமையல்காரர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் படத்தின் பெயரைச் சொன்னதுமே கத்தியோடு எழுந்து நின்று பூதம் போலவே உறுமிக் காட்டினார். வாலிபத்தில் பார்த்தாராம்.

கடைசி ரீலில் என்ன வருகிறது என்று கேட்டேன். எந்தக் கடைசி ரீல் என்று அவர் திருப்பிக் கேட்டார். குமிழி நிற்கும், கடல் அமைதியாகும், அதோடு படம் முடிந்தது என்றார். எரிந்துபோன ரீலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, எடுத்ததே அவ்வளவுதான். செத்ததா இல்லையா என்று அவரும் அவர் தம்பியும் கூட அடித்துக்கொண்டார்களாம். பிறகு, "புதுப் படத்தில் வருவது அதுவேயா, குட்டியா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று ஆவலோடு என்னிடம் விசாரித்தார்.

இத்தனை வருஷமாக இல்லாத ஒரு ரீலுக்காக ஓர் ஊரே வாதாடியிருக்கிறது. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரைத் தோற்கடிப்பது, யாரை ஜெயிக்க வைப்பது? ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் விடியும்போதே கடற்கரைக்குப் போனேன். வள்ளம் புறப்படத் தயாராக நின்றது. நான் ஆரம்பிப்பதற்குள் தண்டல், அதாவது வள்ளத்தை நடத்துபவர், "ஏறுங்க சார், காத்து போயிரும். அங்கன போயி நிதானமாச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அங்கே போய்ச் சொல்லும் நிலையில் நான் இல்லை. கப்பல்களின் வருகையை வருஷக்கணக்காக எழுதுகிறவனுக்கு வள்ளத்தின் ஆட்டம் பழக்கமில்லை. குடித்த காப்பி வெளியே வந்தது. அப்புறம் ஒன்றுமில்லாமலே குமட்டியது. பாய்மரப் பாயின் நிழலில் விளிம்பைப் பற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். அன்று தேதி இருக்கட்டும், என் பெயரைக் கேட்டிருந்தால்கூட யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

குளிப்பு தொடங்கியது. குளிப்பவர் சிலுவை போட்டுக்கொண்டு, சீக்கிரம் அடிக்குப் போவதற்காகக் கல் கட்டிய கயிற்றில் காலை மாட்டி இறங்கினார். அவர் அடியைத் தொட்டதும் கல்லை மேலே தூக்கிவிட்டார்கள். இடுப்புக் கயிறு ஆலந்தலைக்காரர் கையில் இருந்தது. மச்சான் வள்ளத்தின் மறுகோடியில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆள் அப்போதுதான் மேலே வந்து விளிம்பைப் பிடித்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். எனக்கு நேர் கீழே தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. குமிழிகள் வந்தன. சிறுத்தன. நின்றன.

நான் தலையைத் தூக்கி ஆலந்தலைக்காரரைப் பார்த்தேன். அவர் பதறவில்லை. பழகிய கை, கயிற்றை விரலில் உணர்ந்தபடி, இன்னும் நேரமிருக்கிறது என்பது போல உட்கார்ந்திருந்தார். அந்தக் கணத்தில் வள்ளம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முதுகு காட்டியிருந்த மச்சான், எப்போது திரும்பித் தண்ணீரைப் பார்த்தாரோ, குறுக்குப் பலகைகளைத் தாண்டி, என் காலை மிதித்துக்கொண்டு, பாய்ந்து வந்தார். ஆலந்தலைக்காரர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, கைக்குக் கை மாற்றி இழுத்தார். எனக்கு இன்றும் கேட்பது கயிறு விளிம்பில் உராய்ந்த அந்தச் சத்தம்தான்.

குளிப்பவர் தலை மேலே வந்தது. வாய் நிறைய மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சும் இழுத்தார். கயிறு பிடித்திருப்பவரைப் பார்த்தார்.

"ஏம்வே இழுத்தீரு? ரெண்டு சங்கு கையில இருந்துது. ஒண்ணு போச்சு!"

"குமிழி நின்னுட்டுல்லா!"

"அடக்கிட்டுல்லா இருந்தேன்!"

தண்டல் சிரிக்கத் தொடங்கினார். கல் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஆலந்தலைக்காரரும் சிரித்துக்கொண்டே எழுந்து மறுகோடிக்குப் போய், அங்கே கிடந்த இன்னொரு குளியாளின் கயிற்றை எடுத்துக்கொண்டார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளிப்பவரை மேலே ஏற்றியபோது அவருடைய கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஏதோ அறுந்த வலை சுற்றியிருக்கிறது என்றார் மச்சான். கல் கயிறு உரசிய தடம் என்றார் மாப்பிள்ளை. சற்று நேரத்தில் அவர் மறுபடியும் கல்லில் காலை மாட்டினார்.

"இந்த மட்டம் கொஞ்சம் பொறுத்து இழும்."

"பொறுக்க மாட்டேன்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்.

திரும்பும் வழியில் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. சமையல்காரர் சொன்னதைச் சொன்னேன்: ரீல் எதுவும் எரியவில்லை, படமே அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து, "பாத்தீரா?" "பாத்தியா?" என்றார்கள். கரை வரும்வரை சண்டை ஓயவில்லை. பத்து நாளாகப் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

கரையில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தன் அண்ணன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார். புருஷன் பின்னாலேயே திட்டிக்கொண்டு வருவதையும் பார்த்தார். நான் தள்ளாடியபடி அருகில் போய், "அந்தப் பூத விஷயம் என்னவென்றால்..." என்று தொடங்கினேன்.

"அது கெடக்கு சார்" என்றார். "நீங்க மொதல்ல ஒரு சோடா குடிங்க."

புதுப் படம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எங்கள் ஊருக்கும் வந்தது. நானும் மாப்பிள்ளையும் மச்சானுமாக மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம். கலர் பிரமாதம், கிரேன் ஒடிவதும் பிரமாதம். இந்தத் தடவை எந்தச் சந்தேகமும் வைக்காமல் பூதத்தைத் தெள்ளத்தெளிவாகக் கொன்று, கரையில் கிடத்தி, சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். வெளியே வந்தபோது இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"இது அது இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"இல்லவே இல்ல" என்றார் மச்சான். பூத விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று கடலுக்கடியில் மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாரா, வலையில் மாட்டியிருந்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. எவ்வளவோ விஷயங்களைத் தேதியோடு தெரிந்துவைத்திருக்கிறேன். இதை மட்டும் அவர்களிடம் மறுபடி துருவிக் கேட்கத் தோன்றவே இல்லை. ஏதாவது ஒன்றுக்கு விடை தெரியாமல் மனம் அலைகிறபோதெல்லாம், மாப்பிள்ளை சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று தெரிந்திருந்தும், அது உறுதியாகும்வரை காத்திருக்காமல் கயிற்றை இழுத்த மச்சானின் அந்தக் கைகள் நினைவுக்கு வந்து, என் மனம் அமைதியாகிவிடுகிறது.