வீட்டைப் பார்க்காமல் ஏற்றிய கார்

சகாயராஜ் இருபத்தாறு வருடமாகத் திண்டுக்கல்லில் மீட்பு வண்டி ஓட்டுகிறார். நான்கு வழிச் சாலையில் நொறுங்கிக் கிடப்பதையெல்லாம் இழுத்து வந்து ஸ்டேஷன் வாசலில் போடுவார். அவர் ஏற்றியது எதுவும் வழியில் சரிந்ததில்லை. அதனால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மனைவி சவேரியம்மாள் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தம்பியக் கூட்டிட்டுப் போறீங்க. நாளைக்கு அவனுக்கு ஷிப்ட்டு. பத்திரமாக் கொண்டாந்து விட்டுருங்க."

தம்பி இனிகோவுக்கு நாற்பது வயது. நூற்பாலையில் எட்டு மணி நேரமும் மெஷின்களுக்கு இடையே நடந்துகொண்டே இருக்கிற வேலை. விடுமுறை நாளில் மாமாவுக்குக் கை கொடுக்க வருவான்.

"கோயம்புத்தூர்ல பிரியாணி கேக்க மாட்டேன்க்கா. மீல்ஸே போதும்" என்றான்.

ஏற்ற வேண்டிய கார் அகரத்தில் இருந்தது. சிறுமலைத் தோட்டமொன்றில் துருப்பிடித்துக் கிடந்ததை மோகன்குமார் வாங்கிவந்து, பதினோரு வருடம் கொட்டகையில் வைத்துச் சரிசெய்த பழைய பந்தயக் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. இடுப்பு உயரம்கூட இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி புவனேஸ்வரி அதைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

காரின் வயிறு தரையிலிருந்து நாலு விரற்கடைதான். கொக்கி மாட்டித் தூக்கினால் வால் ரோட்டில் உரசும். சின்ன டிராக்டர் ஏற்றுகிற டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தன் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு போனார் சகாயராஜ். பிக்கப்பை வரப்பு மேட்டில் ஏற்றி நிறுத்தி, டிரெய்லரின் வாலைத் தாழ்த்தி, நீளப் பலகை போட்டார். காரைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றத் தயாரானபோது புவனேஸ்வரி ஓடிவந்தாள்.

"அண்ணே, அப்படி ஏத்துனா அது வீட்டையே பாத்துக்கிட்டுப் போகும்ண்ணே. என்னால பாக்க முடியாது. முகம் முன்னால இருக்கட்டும்."

"இல்லம்மா, இதுக்கு இன்ஜின் பின்னால இருக்கு..."

"உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

சகாயராஜ் பலகையைப் பார்த்தார். கனம் முன்பக்கம் இருந்து பிக்கப்பின் கொக்கியை அழுத்தினால்தான் டிரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்கும். பின்பக்கம் போய்விட்டால் வாலை ஆட்டும். இது அவருக்குத் தெரியாததல்ல.

"திருப்பு மாப்ள" என்றார்.

காரின் மூக்கு டிரெய்லரின் முன்தடுப்பில் முட்டி நின்றது. இன்னும் முன்னால் தள்ள இடமில்லை. பெல்ட்டுகளை இறுக்கினார்கள்.

"மாமா, வேணாம். ஊரத் தாண்டி இறக்கித் திருப்பிப் போட்டுக்குவோம்" என்றான் இனிகோ, தாடிக்கொம்பு வந்ததும்.

"எங்க இறக்க? மேடு வேணும், ஆள் வேணும். நாப்பதுல போனா ஒண்ணும் ஆகாது."

"பொம்பளைங்க கும்பிட்டா உனக்குத் தாங்காதுய்யா. எங்கக்கா கும்பிட்டா மட்டும் டீ குடிக்கப் போயிருவ."

சகாயராஜ் சிரித்தார். நாற்பதில்தான் போனார். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பாலத்தின் இறக்கத்தில், பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடிக்க, அறுபதைத் தொட்டார். டிரெய்லர் இடப்பக்கம் ஒருமுறை அசைந்தது. வலப்பக்கம் இன்னும் அகலமாக அசைந்தது. பிரேக்கைத் தொடக்கூடாது என்று தெரிந்த கால் பிரேக்கை மிதித்தது. டிரெய்லர் பிக்கப்பைப் பின்னாலிருந்து பிடித்துத் திருகி, இனிகோ உட்கார்ந்திருந்த பக்கமாகக் கவிழ்த்தது.

இனிகோவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் புவனேஸ்வரி சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தாள். இனிகோவின் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணை எடுத்துச் சகாயராஜிடம் கேட்டாள்.

"அண்ணே, நான் அப்படி ஏத்தச் சொன்னதாலயா?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் என்னம்மா? டயரு வெடிச்சுருச்சு."

அவள் மூச்சு விட்டாள். பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இனிகோ விட்டத்தைப் பார்த்தபடி சொன்னான். "டயரு எல்லாம் முழுசா இருக்குன்னு டிரெய்லர்காரரு நேத்துத்தான சொல்லிட்டுப் போனாரு."

"அந்தம்மா தாங்காது மாப்ள."

"நான் தாங்குவேன்ல."

கதவருகே சாப்பாட்டுக் கேரியரோடு சவேரியம்மாள் நின்றிருந்தாள். "எதைத் தாங்கணும்?" என்றாள்.

சகாயராஜ் சொன்னார். இன்ஜின் பின்னால் இருந்தது, திருப்பச் சொன்னது, தாடிக்கொம்பில் இனிகோ சொன்னது, எல்லாவற்றையும்.

"அந்தம்மா அம்புட்டுக் கெஞ்சிக் கேட்டுச்சு சவேரி. மனசு கேக்கல."

சவேரியம்மாள் கேரியரைத் திறந்து, ரசஞ்சோற்றைக் கரண்டியால் மசித்தாள்.

"அன்னைக்குக் காலைல நானுந்தான கேட்டேன்" என்றாள்.

பிறகு கட்டிலின் தலைப்பக்கம் போய், தம்பியின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். உதவ எழுந்த சகாயராஜைப் பார்த்து, "வேணாம். நீங்க உக்காருங்க" என்றாள்.